யானைக்கு முதலாளியின் பெயர்

குதிரைப்படை ஒன்று போனது பெரிய விஷயமில்லை. போன குதிரைப்படையின் பெயர் 'மச்சான்' என்பதுதான் தொந்தரவாகப் போயிற்று.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது அது. மெழுகுக்காரர் ஒரு கையில் டிபன் பாக்ஸ் மூடியும் மறு கையில் செல்போனுமாக உட்கார்ந்து, போர் விளையாட்டில் எதிரியின் வரிசையை உடைத்துவிடலாம் என்று குதிரைகளை நேராக அனுப்பினார். எதிரி ஈட்டிகளை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். 'மச்சான் வீழ்ந்தார்' என்று திரையில் எழுத்து ஓடியது. "ச்சே!" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அதோடு அதை மறந்தும் போனார்.

மாலையில் வீட்டுக்குப் போனால், நிஜ மச்சான் கட்டிலில் கிடந்தான். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.

"என்னடா ஆச்சு?"

"விழுந்துட்டேன் மாமா."

"எங்கேருந்து?"

"எங்கேருந்தும் இல்ல. சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். விழுந்துட்டேன்."

"சும்மா நின்னா எப்படிடா விழுவே?"

"அதைத்தான் டாக்டரும் கேட்டார்" என்றான் மச்சான். "எலும்பு உடைஞ்சதைப் பாத்தா, குதிரைலேருந்து விழுந்த மாதிரி இருக்காம்."

மெழுகுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

அவர் வேலை பார்த்தது பல் செட் செய்கிற ஒரு லேபில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்சு எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். லேபில் அதை பிளாஸ்டரில் வார்த்துத் தாடையாக்குவார்கள். அந்தத் தாடையின்மேல் இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி, ஈறு மாதிரி வளைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பது மெழுகுக்காரரின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்துகொண்டிருந்தார். முகமே இல்லாத நூற்றுக்கணக்கான வாய்கள் அலமாரி அலமாரியாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். அது அவருக்குப் பழகிப்போன சங்கதி. பயந்த சுபாவம் உள்ளவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

இந்த விளையாட்டு இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆளுக்கு எட்டு அணி, ஒரு ராஜா. இவர் ஓர் அடி வைத்தால் எதிராளி ஓர் அடி வைக்க வேண்டும். எதிராளி யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. பேச்சும் கிடையாது. இவருக்குச் சிவப்புக் கொடி, அவனுக்கு நீலக் கொடி, அவ்வளவுதான். போர் தொடங்குவதற்கு முன்னால் 'உங்கள் அணிகளுக்குப் பெயர் சூட்டுங்கள்' என்று கேட்டது. அப்போது நல்ல மனநிலையில் இருந்த மெழுகுக்காரர் சுற்றிலும் பார்த்தார், கண்ணில் பட்டவர்களை எல்லாம் படையில் சேர்த்துவிட்டார். குதிரைக்கு வீட்டோடு இருந்த மச்சான். யானைக்கு முதலாளி, அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வில்லுக்குப் பாலிஷ்காரர். ஈட்டிக்கு ரிசப்ஷன் அக்கா. ராஜாவுக்கு, வேறு யார், அவரேதான்.

மறுநாள் மதியம், சோதித்துப் பார்க்கத்தான் வில் அணியை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினார். ஒரே ஒரு கட்டம். நீலக் கொடிக்காரன் உடனே பாய்ந்தான். 'பாலிஷ்காரர் வீழ்ந்தார்.'

அதே நொடி, பின்னறையில் பாலிஷ் மெஷின் பக்கத்திலிருந்து ஒரு அலறல்.

ஓடிப் போய்ப் பார்த்தால் பாலிஷ்காரர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவே இல்லை. ப்ளக் சுவரில் செருகப்படவே இல்லை.

"என்னமோ பறந்து வந்து குத்துச்சு சார்" என்றார். "நீளமா."

மெழுகுக்காரர் வெறும் தரையைக் குனிந்து தேடினார். ஒன்றுமில்லை.

ஒரு தடவை நடந்தால் தற்செயல். இரண்டு தடவை நடந்தால் மனிதன் உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும். மெழுகுக்காரர் யோசித்தார். யாரையும் முன்னால் அனுப்பாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தார். மிச்சமிருந்த ஆறு அணிகளையும் ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்து, பலகையின் மூலையில் மந்தை மாதிரி ஒடுக்கி வைத்தார். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் நீலக் கொடி வரிசை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு நின்றது. ஒடுங்கி நின்ற கூட்டத்தில் அம்பு எங்கே விழுந்தாலும் யார்மேலாவது படும். ரிசப்ஷன் அக்காமேல் பட்டது.

அன்று பிற்பகல் லேபில் ஐந்து போன் ஒரே நேரத்தில் அடித்தது. ரிசப்ஷன் அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. அவர் ஒரு தாளில் 'தொண்டையில் ஏதோ நிற்கிறது' என்று எழுதி நீட்டினார்.

"பாக்கட்டுமா அக்கா?" என்று மெழுகுக்காரர் வாய் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. ஆனால் கண்ணாடியில் மட்டும் ஒரு நொடி அம்பு முனை மாதிரி ஏதோ பளிச்சென்றது. அவர் கண்ணாடியைத் திரும்ப இடத்தில் வைத்துவிட்டு, தன் மேஜைக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஒரே கடைவாய்ப் பல்லை வெறித்துக்கொண்டிருந்தார்.

பிறகு விளையாட்டின் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தார். நடுப்போரில் பெயரை மாற்றலாம். ஆனால் பெயர் மாறிய அணி ஒரு சுற்று அசையாமல் நிற்க வேண்டும் என்று போட்டிருந்தது. போதும், இது போதும் என்று அவருக்கு உயிர் வந்தது. கேடய அணி பிளாஸ்டர்காரரின் பெயரில் இருந்தது. பாவம், மூன்று பிள்ளைகள் உள்ள மனிதர். அதை அழித்துவிட்டு, யாருக்கும் கெடுதல் வராத ஒரு பெயராக யோசித்து, 'யாரோ ஒருவர்' என்று மாற்றினார்.

அசையாமல் நின்ற கேடயத்தை எதிரி விட்டுவைப்பானா? 'யாரோ ஒருவர் வீழ்ந்தார்.'

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சட்டை கசங்காத ஒரு பெரியவர் மரம் சாய்கிற மாதிரி அவர் தோளில் சாய்ந்தார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் தெளித்தார்.

"யாருங்க இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியாதுங்க" என்றார் மெழுகுக்காரர்.

"யாரோ ஒருத்தர்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெரியவர் மெல்லக் கண்ணைத் திறந்து, நேராக இவரைப் பார்த்துச் சொன்னார்: "என்னை யாரோ முன்னாடி பிடிச்சுத் தள்ளின மாதிரி இருந்துச்சு தம்பி. தள்ளினது யாருன்னு பாத்தீங்களா?"

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். அது எந்த பஸ் என்று பார்க்கவில்லை. லேபுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்.

இனி விளையாட்டே வேண்டாம் என்று அதை அழித்துவிட்டார். அழித்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, ஒரு மேல்தாடைக்கு ஆறு முன்பற்களை வரிசை பிசகாமல் நட்டார். ஒரு நாள் முழுக்க எதுவும் நடக்கவில்லை. அடுத்த நாள் முதலாளி தன் அறையிலிருந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"பிஸ்கட்டுப்பா" என்றார். "டீயில நனைச்ச பிஸ்கட்டு! அதைக் கடிச்சா பல்லு உடையுமா?"

கையை எடுத்தார். முன்பல் ஒன்று குறுக்காகப் பாதி உடைந்திருந்தது. ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிற லேபின் முதலாளி, 'பிஸ்கட்டு' என்று சொல்லும்போதெல்லாம் விசில் அடித்தார்.

மெழுகுக்காரர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட்டைத் திரும்பவும் இறக்கினார். ஒரு செய்தி காத்திருந்தது: 'நீங்கள் ஒரு நாளுக்குமேல் வராததால் உங்கள் சார்பில் நாங்களே நகர்த்தினோம்.' அவர்கள் நகர்த்தியது யானையை. யானைக்குப் பாதி உயிர் போயிருந்தது. முதலாளிக்குப் பாதிப் பல் போனதற்குக் கணக்கு சரியாக இருந்தது.

சரணடைவதற்கு ஒரு பொத்தான் உண்டு. விரலை அதன்மேல் வைத்துவிட்டார். நல்லவேளை, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார்: 'சரணடைந்தால் எஞ்சிய அணிகள் அனைத்தும் அழிக்கப்படும். வென்றால் வீழ்ந்த அணிகள் அனைத்தும் மீண்டும் எழும்.'

எஞ்சியவை நான்கு. பாதி யானை ஒன்று. உளவு அணிக்கு ஸ்கூட்டர் அக்கா. பல் பெட்டிகளை கிளினிக் கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். சுரங்கம் தோண்டும் அணிக்கு, லேபில் பல்லைச் சுட்டெடுக்கும் அடுப்புக்காரர். நான்காவது, கல்லெறியும் கவண்பொறி. அதன் பெயரைப் படித்ததும் மெழுகுக்காரர் பொத்தான்மேலிருந்த விரலை வெடுக்கென்று எடுத்தார்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சமையலறையில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். மச்சான் காலில் ஆரம்பித்து முதலாளி பல் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. குழாயை மூடினாள்.

"அதுல நான் இருக்கேனா?"

"இருக்கே."

"என்னவா?"

அவர் கூரையைப் பார்த்தார். "கவண்பொறி."

"அப்படின்னா?"

"கல்லெறியற மெஷின்."

"கல்லெறியற மெஷினா?" அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "ராணி இல்லையா அதுல?"

"ராஜா மட்டும்தான் இருந்துச்சு."

"அது யாரு?"

"நான்."

"அதானே!" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். "காட்டுங்க. எது எங்க நிக்குது?"

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல் திரையைப் போட்டுவிட்டு இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். மச்சான் மாவுக்கட்டுக் காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். இத்தனை நாளில் நீலக் கொடிக்காரன் ஓர் அணியைக்கூட இழக்கவில்லை. அவனுடைய எட்டு அணிகளும் இடைவெளியே இல்லாமல், மெழுகுக்காரர் நட்டு வைத்த பல்வரிசை மாதிரி கச்சிதமாக நின்றன.

"உளவாளி எதுக்கு?" என்றாள் மனைவி.

"எங்க பலவீனம்னு பாத்துச் சொல்லும்."

"அப்ப மொதல்ல அதை அனுப்புங்க. சண்டைக்கு வேண்டாம், பாத்துட்டு ஓடி வந்துடட்டும்."

ஸ்கூட்டர் அக்கா போய்ப் பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்தார். எதிரியின் வலது பக்கம் மெலிந்திருந்தது. ஆனால் அங்கே போய் உடைப்பதற்கு, நடுவரிசை கொஞ்சமாவது இடப்பக்கம் நகர வேண்டும்.

"எதையாவது காட்டி இழுக்கணும்" என்றாள். "யானையைக் காட்டலாமா? பெரிசா இருக்கு, கண்ணுல படும்."

"முதலாளியையா? இன்னும் பாதிப் பல்லுதாம்மா பாக்கி!"

"சரி, சுரங்கக்காரர்?"

"அடுப்புப் பக்கத்துல வேலை பாக்கற மனுஷன். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்ப என்னை அனுப்புங்க."

"வாயை மூடு" என்றார். இருபது வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மச்சான் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெழுகுக்காரர் விரலை நீட்டி, பின்னால் பத்திரமாக நின்றுகொண்டிருந்த ராஜாவை எடுத்து, இடப்பக்கம் வெட்டவெளியில் கொண்டுபோய்த் தனியாக நிறுத்தினார்.

"என்னங்க!"

"நான்தானே பேர் வச்சேன்" என்றார்.

எதிரி ஏமாந்தான். நடுவரிசை ராஜாவை நோக்கித் திரும்பியது, வலப்பக்கம் வாய் மாதிரி திறந்தது. ராஜாவுக்குப் பாதி உயிர் போனது. அதே சமயம் சமையலறையில் அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டு ஒரு ஜுவாலை வந்தது. என்னவென்று எட்டிப் பார்த்தவரின் மீசையில் வலப்பாதி பொசுங்கிப் போயிற்று.

"நிறுத்தாதீங்க!" என்று மனைவி ஈரத்துணியால் அவர் மூஞ்சியில் அடித்தாள். "கல்லை எறிங்க! நான் எறியறேன்!"

கவண் எறிந்தது. சுரங்கம் தரைக்குள் போய் எதிரிக்குப் பின்னால் முளைத்தது. அந்தச் சுற்றில் நீலக் கொடிக்காரனுக்கு இரண்டு அணிகள் விழுந்தன. மச்சான் கைதட்டினான்.

அதுவரை நிமிஷத்தில் பதில் அடி வைத்தவன், அதன்பிறகு ஒரு நாள் முழுக்க அசையவில்லை. திங்கட்கிழமை மாலைதான் நகர்த்தினான். முன்னால் வரவில்லை. மிச்சமிருந்த ஆறையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னால் இழுத்து வைத்திருந்தான். கூடவே திரையில் ஒரு சின்னம் வந்தது. பேச முடியாத அந்த விளையாட்டில் அனுப்புவதற்கு நாலைந்து சின்னங்கள்தான் உண்டு. இது இரண்டு கை கூப்பிய சின்னம்.

"எதுக்குங்க இவன் கும்பிடறான்?"

"கிண்டல் பண்றான். இத்தனை நாள் நம்மைப் போட்டு ஆட்டினானே, பதிலுக்கு ஒண்ணு வாங்கினதும் கும்பிடு!"

"பாவமா இருக்குங்க."

"உன் தம்பி காலைப் பாரு, எது பாவம்னு தெரியும்" என்றார். யானையை உள்ளே விட்டார். மூன்று அணிகள் ஒரே மிதியில் போயின.

செவ்வாய்க்கிழமை கும்பிடு வரிசையாக வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. பத்துக்குமேல் மெழுகுக்காரர் எண்ணவில்லை. ஒவ்வொரு கும்பிடுக்கும் போன் மேஜைமேல் லேசாக அதிர்ந்து அதிர்ந்து, தானாகவே அவர் பக்கமாக நகர்ந்து வந்தது. அதைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்தது. மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் போனைக் கையில் எடுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, மிச்சமிருந்த மூன்றையும் முடித்தார். கடைசியில் நீல ராஜா மட்டும் காலிப் பலகையின் நடுவில் தனியாக நின்றான். 'எதிரி ராஜா தனிமையானார். போர் முடிந்தது. உங்கள் அணிகள் எழுந்தன.'

போன் அதிர்வது நின்றது.

பக்கத்து அறையிலிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மச்சான் கட்டிலிலிருந்து குதித்து, மாவுக்கட்டோடு தடதடவென்று ஓடி வந்தான். "மாமா, வலி போச்சு! சுத்தமாப் போச்சு!"

புதன்கிழமை லேபில் திருவிழா மாதிரி இருந்தது. பாலிஷ்காரர் கட்டுப் பிரித்த கண்ணால் எல்லோரையும் முறைத்து முறைத்துப் பார்த்துச் சிரித்தார். ரிசப்ஷன் அக்கா பேசாமல் விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினார். முதலாளியின் பல் விஷயம்தான் யாருக்கும் புரியவில்லை. பொறுமையில்லாமல் பாதிப் பல்லை அடைத்திருந்தாராம். இரவோடு இரவாக அடைப்பு விழுந்து, அந்த இடத்தில் முழுப் பல் நின்றதாம். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று லேபில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "லேபுக்குக் கெட்ட பேர் வந்துடும்பா" என்றார், விசில் இல்லாமல்.

மெழுகுக்காரர் பாதி மீசையையும் வழித்துவிட்டு, பத்து வயது குறைந்த முகத்தோடு உட்கார்ந்து வேலை செய்தார். ஸ்பிரிட் விளக்கு ஒழுங்காக எரிந்தது. மெழுகு ஒழுங்காக உருகியது. இத்தனை பேரை ஒற்றை ஆளாகக் காப்பாற்றியிருக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியாதே என்று நினைக்கையில் கொஞ்சம் வருத்தமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. போன் சட்டைப் பையில் சாதுவாகக் கிடந்தது.

பதினொரு மணிக்கு ஸ்கூட்டர் அக்கா உள்ளே வந்தார். காலையில் எடுத்துக்கொண்டு போன பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார்.

"என்னக்கா, குடுக்கலையா?"

"யார்கிட்ட குடுக்கறது? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய கிளினிக் சார் அது. கதவு திறந்து கிடக்கு, உள்ள வேலை பாக்கற ஆள் ஒருத்தர்கூட இல்ல. ஞாயித்துக்கிழமையிலேருந்து ஒவ்வொருத்தரா விழுந்து, எட்டுப் பேரும் ஆஸ்பத்திரில கிடக்காங்களாம்."

மெழுகுக்காரரின் கையிலிருந்த பல் மேஜைமேல் விழுந்து உருண்டது.

"டாக்டர்?" என்றார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகல சார், ஆனா அவரைப் பாத்தாத்தான் பயமா இருக்கு" என்றார் ஸ்கூட்டர் அக்கா, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "காலி ரூம்ல தனியா உக்காந்துக்கிட்டு, 'எட்டுப் பேருக்கும் நான்தான் பேர் வச்சேன், எட்டுப் பேருக்கும் நான்தான் பேர் வச்சேன்'னு போனைப் பாத்து அழுதுக்கிட்டே இருக்கார்."